‘டெஸ்ட் வேண்டாம்’ என்கிற பாலிசி

திருமுல்கேரியில் ஒரே தெருவில் குடியிருக்கும் இருவரை எண்ணிப் பாருங்கள். செகந்திராபாத் கன்டோன்மென்ட் பகுதி அது. ராணுவ மருத்துவமனை இருக்கும் இடம். ஓய்வு பெற்ற படைவீரர்களுக்கும், நகரத்தின் தனியார் ஆலைகளில் உழைத்து ஓய்ந்தவர்களுக்கும் அங்கே குறைவில்லை. இருவருக்கும் வயது 66. இருவருக்கும் பத்து வருடமாகச் சுகர், கூடவே பிரஷர். ஒருவர் சுபேதாராக இருந்தவர். அவர் கையில் இ.சி.எச்.எஸ். அட்டை இருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்காக 2003 ஏப்ரலில் தொடங்கிய மருத்துவத் திட்டம் அது. பதவிக்கேற்ப ஒருமுறை பணம் கட்டினால் போதும். வயது வரம்பு கிடையாது, என்ன நோய் இருந்தாலும் சேரத் தடை கிடையாது. மற்றவர் மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதியவர். வேலை முடிந்த நாளோடு கம்பெனி கொடுத்த குரூப் காப்பீடும் முடிந்தது. இப்போது சொந்தமாக ஒரு பாலிசி எடுக்கலாம் என்று போனால் ஒரு நிறுவனம் மறுக்கிறது. இன்னொன்று ரத்தம், ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்துவிட்டு வழக்கமான பிரீமியத்தைப் போல ஒன்றரை மடங்கு கேட்கிறது. மூன்றாவது நிறுவனத்தின் ஏஜென்ட் மட்டும், ‘டெஸ்ட் ஒண்ணும் வேண்டாம் சார், ஆதாரும் போட்டோவும் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்’ என்கிறார். மனிதருக்குப் போன உயிர் திரும்பி வந்தது போலிருக்கும். ஆனால் மூன்றில் அவர் அதிகம் பயப்பட வேண்டியது அந்த மூன்றாவதற்குத்தான்.

ஏன் என்று சொல்வதற்கு முன், காப்பீட்டு அலுவலகத்துக்குள் ஒரு விண்ணப்பம் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க வேண்டும். ஆளைச் சேர்ப்பதா, சேர்த்தால் என்ன நிபந்தனையில், என்ன விலைக்கு என்று முடிவு செய்யும் வேலைக்கு அண்டர்ரைட்டிங் என்று பெயர். 1919-இல் அமெரிக்காவின் நியூயார்க் லைஃப் நிறுவனத்தைச் சேர்ந்த ரோஜர்ஸ், ஹன்டர் என்ற இருவர் இதற்கு ஒரு புள்ளிக் கணக்கை வெளியிட்டார்கள். சராசரி மனிதனுக்கு 100. ஒவ்வொரு குறைக்கும் இத்தனை புள்ளி கூட்டு, ஒவ்வொரு நல்ல அம்சத்துக்கும் இத்தனை கழி. ஆயுள் காப்பீட்டுக்காகப் பிறந்த அந்த முறையின் வாரிசுகள்தான் இன்று மருத்துவக் காப்பீட்டுக் கையேடுகளிலும் மென்பொருள்களிலும் உட்கார்ந்திருக்கின்றன. சுகர் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அண்டர்ரைட்டர் யாரையும் தள்ளிவிடுவதில்லை. எத்தனை வருடமாக, மாத்திரையா இன்சுலினா, சுகர் எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்று காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு 7-ஐ ஒட்டி நிற்கிறதா 9-ஐத் தாண்டிவிட்டதா, கிரியாட்டினின் எவ்வளவு, சிறுநீரில் புரதம் போகிறதா, கண்ணின் விழித்திரை கெட்டிருக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேட்பார். அவர் பெரிதாக எடுத்துக்கொள்வது நோய்களின் கூட்டணியை. கட்டுக்குள் இருக்கும் சுகர் தனியாக வந்தால் கொஞ்சம் கூடுதல் பிரீமியத்தோடு போய்விடும். பிரஷர் சேர்ந்தால் கூடுதல் இன்னும் ஏறும். அதே சுகரோடு பைபாஸோ ஸ்டென்ட்டோ கைகோத்தால் பல சாதாரண பாலிசிகளில் கதவு மூடிக்கொள்ளும். ஒவ்வொன்றின் ஆபத்தையும் தனித்தனியாகக் கூட்டினால் வரும் தொகையைவிட, இரண்டும் ஒரே உடம்பில் இருக்கும்போது வரும் ஆபத்து அதிகம் என்பது அவர்கள் கணக்கு. மருத்துவமும் அதை மறுக்காது.

இந்தக் கணக்கின் முடிவு சில வடிவங்களில் வரும். அப்படியே ஏற்பது, லோடிங் என்கிற கூடுதல் பிரீமியத்தோடு ஏற்பது, இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைப்பது, குறிப்பிட்ட நோயை நிரந்தரமாக ஒதுக்குவது, பில்லில் ஒரு பங்கை நோயாளியே கட்டும் கோ-பே, கடைசியாக மறுப்பு. சில நிறுவனங்களின் பாலிசி ஆவணத்தில் லோடிங் ஒரு நோய்க்கு 100 சதவீதம், மொத்தத்தில் 150 சதவீதம் தாண்டாது என்று எழுதியிருக்கும். லோடிங் போட்டால் அதைச் சொல்லி, விண்ணப்பித்தவரின் சம்மதம் வாங்க வேண்டும் என்பது விதி. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மறுப்பு என்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2016 விதிமுறைகள் சொல்லின. நடைமுறையில் பலருக்கு வாய்மொழியாக ‘கிடைக்காது சார்’ என்ற பதிலே கிடைக்கிறது. எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரியாததால் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

நிறுவனங்கள் முதியவர்களைக் கண்டு பின்வாங்குவதை வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய பொருளாதாரக் கட்டுரை பழைய கார் சந்தையைப் பற்றியது என்றுதான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 2001-இல் நோபல் பரிசு வாங்கித் தந்த அதே கட்டுரையில் அவர் அடுத்ததாக எடுத்துக்கொண்ட உதாரணம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் மருத்துவக் காப்பீடு. எவ்வளவு விலை கொடுத்தும் அவர்களுக்குப் பாலிசி கிடைக்காதது ஏன் என்று கேட்கிறார். விலையை ஏற்றினால் ஆரோக்கியமானவர்கள் விலகுவார்கள். எப்படியும் செலவு வரும் என்று தெரிந்தவர்கள்தான் மிஞ்சுவார்கள். அவர்களுக்காக மறுபடி ஏற்றினால் இன்னும் கொஞ்சம் பேர் விலகுவார்கள். இது காகிதக் கணக்கோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1993-இல் நோயைக் காரணம் காட்டி யாரையும் மறுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. எல்லோரும் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்ற பகுதியைப் பிறகு கைவிட்டது. பத்தாண்டு முடிவதற்குள் அந்த மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்களில் தனிநபர் பாலிசி விற்க ஆளே இல்லாமல் போயிற்று.

நம் நாட்டில் இந்தக் கதவைத் திறந்தும் மூடியும் பார்க்கும் அலுவலகம் ஹைதராபாத்திலேயே, நானக்ராம்குடாவில் இருக்கிறது: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம். அதற்கு முந்தைய காலம் இன்னும் கடுமை. 1986-இல் அரசு நிறுவனங்கள் மெடிக்ளெய்ம் கொண்டுவந்தபோது ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பது நிறுவனத்தின் இஷ்டமாக இருந்தது. க்ளெய்ம் கேட்டவரைக் கழற்றிவிடுவது சகஜம். யுனைடெட் இந்தியா நிறுவனம் அப்படிப் புதுப்பிக்க மறுத்த ஒரு வழக்கில், அரசு நிறுவனம் மனம்போன போக்கில் மறுக்க முடியாது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதியோர் காப்பீட்டை ஆராய கே.எஸ். சாஸ்திரி தலைமையில் அமைந்த குழு 2007-இல் அறிக்கை தந்தது. அதன் பிறகு 2009-இல் வந்த சுற்றறிக்கைதான் 65 வயது வரையாவது புதிதாகச் சேர வழி விட வேண்டும், விண்ணப்பத்தை ஏற்றால் பரிசோதனைச் செலவில் பாதியையாவது நிறுவனம் தர வேண்டும் என்றெல்லாம் விதித்தது. 2013 விதிகள் ஆயுள் முழுக்கப் புதுப்பிக்கும் உரிமையைத் தந்தன. 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதிகள் 65 என்ற அந்த எல்லையையே எடுத்துவிட்டன. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான அதிகபட்சக் காத்திருப்பு 48 மாதத்திலிருந்து 36 ஆயிற்று.

செய்தித்தாள்கள் இதை ‘இனி எந்த வயதினருக்கும் காப்பீடு’ என்று தலைப்பிட்டுக் கொண்டாடின. கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். எல்லா வயதினருக்கும், எல்லா வகை நோயாளிகளுக்கும் ஏற்ற திட்டங்களை நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. வருகிற ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஏற்றாக வேண்டும் என்று அது சொல்லவில்லை. வயதுச் சுவர் போன இடத்தில் விலைச் சுவர் எழும். அதையும் கட்டுப்படுத்த 2025 ஜனவரியில் ஆணையம், மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் தன்னைக் கலந்துகொள்ள வேண்டும் என்றது. பின்னால் ஏற்ற முடியாது என்று தெரிந்த வியாபாரி முதலிலேயே ஏற்றிச் சொல்வான், அல்லது ஆளைப் பொறுக்கி எடுப்பான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கியது நல்ல காரியம். ஆனால் யாரைச் சேர்ப்பது என்ற கேள்வியை அது தொடவே இல்லை.

இனி மூன்றாவது ஏஜென்ட்டிடம் வருவோம். புரபோசல் ஃபார்மில் சுகர், பிரஷர், இதயம், சிறுநீரகம், ஆஸ்துமா, முன்பு நடந்த அறுவை சிகிச்சை என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். பக்கத்தில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டம். கமிஷனுக்கு அவசரப்படும் ஒருவர் மேலிருந்து கீழ்வரை ‘இல்லை’யில் டிக் போட்டுக்கொண்டே போக அரை நிமிடம் ஆகாது. இப்போது டேப்லெட்டில் விரலால் தொட்டால் போதும், ஓ.டி.பி. சொன்னதும் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடுகிறது. மூன்று வருடம் பிரீமியம் ஒழுங்காகப் போகும். நாலாவது வருடம் ஒரு ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காஷுவால்ட்டிக்குப் போகிறார். டியூட்டி டாக்டர் கேட்கிறார்: ‘அப்பாவுக்கு சுகர் எத்தனை வருஷமா?’ பதற்றத்தில் இருக்கும் மகன், ‘ஒரு பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும் டாக்டர்’ என்கிறான். அது கேஸ் ஷீட்டில் ஏறுகிறது. அங்கிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போகிறது. நிறுவனத்துக்காக க்ளெய்மைச் சரிபார்க்கும் டி.பி.ஏ.வின் மேசையில் அந்த ஒரு வரியின் அடியில் கோடு விழுகிறது. பாலிசி நாலு வருடம், சுகர் பன்னிரண்டு வருடம், படிவத்தில் ‘இல்லை’. விண்ணப்பத்தின்போது யாரும் செய்யாத அண்டர்ரைட்டிங் இப்போது முழு அக்கறையோடு நடக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: அன்று மறுத்திருந்தால் அவர் வேறு கம்பெனிக்குப் போயிருக்கலாம், வங்கியில் பணம் சேர்த்திருக்கலாம். இன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது மறுக்கிறார்கள்.

நீதிமன்றங்கள் இதில் எந்தப் பக்கம் என்று கேட்டால், படிவத்தின் பக்கம். நியூ இந்தியா நிறுவனத்தின் மெடிக்ளெய்ம் சம்பந்தமாக 2009-இல் வந்த தீர்ப்பில், பழைய சுகரையும் சிறுநீரகக் கோளாறையும் சொல்லாமல் விட்டவரின் குடும்பத்துக்குப் பணம் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. நல்ல உடல்நிலையில் இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு தப்ப வழியில்லை. 2021 டிசம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பு இதற்கு நேர் மறுபக்கம். அமெரிக்காவுக்குப் போன ஒருவர் யுனைடெட் இந்தியாவிடம் வெளிநாட்டுப் பயண மருத்துவ பாலிசி எடுத்திருந்தார். சுகர் இருப்பதைப் படிவத்தில் சொல்லியிருந்தார். மருத்துவப் பரிசோதனையும் நடந்திருந்தது. அங்கே இறங்கியதும் மாரடைப்பு. பழைய நோய் என்று நிறுவனம் மறுத்தது. சொன்னதைக் கேட்டு, உடம்பைப் பரிசோதித்து, எல்லாம் தெரிந்து பாலிசி கொடுத்த பிறகு அதே நோயைக் காட்டிக் கைவிரிக்க முடியாது என்றது நீதிமன்றம். கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுவதைக் குறிப்பிடாததையும் அது பெரிய மறைப்பாகக் கொள்ளவில்லை. ஒருவருக்கு வாய் மூடியிருந்ததால் போனது. மற்றவருக்கு வாய் திறந்ததாலும் டெஸ்ட் நடந்ததாலும் கிடைத்தது.

இதற்குக் கூர்மையான ஒரு மறுப்பு உண்டு. சட்டத்தின்படி ஏற்கெனவே உள்ள நோய் என்றால், பாலிசி தொடங்குவதற்கு முந்தைய குறிப்பிட்ட காலத்துக்குள், இப்போதைய விதியில் 36 மாதத்துக்குள், டாக்டர் கண்டுபிடித்தது அல்லது சிகிச்சை சொன்னது. தெரியாத நோய் அந்தக் கணக்கில் வராது. அப்படியிருக்க, டெஸ்ட்டுக்குப் போய் இல்லாத வம்பை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? எந்த நோயும் கண்டறியப்படாத 45 வயதுக்காரரைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி நியாயம்தான். அவருக்கு டெஸ்ட்டால் பெரிய ஆதாயம் இல்லை. நான் பேசுவது மாத்திரை டப்பாவோடு வாழும் 66 வயதுக்காரரைப் பற்றி. அவரிடம் தெரியாத நோய்கள் குறைவு, தெரிந்தவை அதிகம். அவருக்கு ஆபத்து வருவது, தெரிந்த நோயைத் தெரியாத நோயோடு முடிச்சுப் போடுவதில்தான். ‘சிறுநீரகம் கெட்டது இப்போதல்ல, பாலிசிக்கு முன்பே சுகரால் கெட்டிருக்கும்’ என்று நிறுவனம் எழுதும்போது, பாலிசி தொடங்கிய வாரத்தில் நிறுவனமே அனுப்பிய லேப் எடுத்த கிரியாட்டினின் அறிக்கை 1.0 என்று காட்டினால் அதற்கு மேல் பேச்சில்லை. தேதியிட்ட அந்தத் தாள் நிறுவனத்தைவிட நோயாளிக்குத்தான் அதிகம் உதவும்.

டெஸ்ட் எல்லோருக்கும் வந்தால் மறுப்புகளும் கூடுமே என்பது அடுத்த கேள்வி. கூடலாம். முதியவர்களிடையே நடந்த ‘லாசி’ என்ற தேசிய ஆய்வின் 2017-18 சுற்றில், 60 தாண்டியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தமும், ஏழில் ஒருவருக்கு நீரிழிவும் கண்டறியப்பட்டிருந்தன. எந்த வகையிலாவது மருத்துவக் காப்பீடு இருந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. ஆக, இந்த நோய்களை வைத்து எல்லோரையும் தள்ளினால் நிறுவனங்களுக்கு முதியோர் சந்தையே இருக்காது. அது அவர்களுக்கும் தெரியும். டெஸ்ட் இல்லாமலே நேர்மையாக விற்க வழி இல்லாமலும் இல்லை. சென்னையைச் சேர்ந்த ஸ்டார் ஹெல்த்தின் ‘ரெட் கார்பெட்’ 60 முதல் 75 வயதுக்காரர்களை முன்பரிசோதனை இல்லாமலே சேர்க்கிறது. ஆனால் ஒவ்வொரு க்ளெய்மிலும் 30 சதவீதம் உங்களுடையது என்று முன்பே எழுதிவிடுகிறது. 4 லட்சம் பில்லுக்கு 1,20,000 ரூபாய் கையிலிருந்து போகும். அது சின்னத் தொகை அல்ல. ஆனாலும் சேரும்போதே தெரிந்த தொகை. ‘டெஸ்ட்டும் வேண்டாம், கோ-பேயும் கிடையாது, லோடிங்கும் கிடையாது’ என்று யாராவது சுகர்க்காரரிடம் சொன்னால், அந்த விலை வேறெங்கோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது ‘இல்லை’ என்ற கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும்.

அப்படியானால் இந்தப் பொறுக்கி எடுக்கும் வேலையையே ஒழித்தால் என்ன? சுபேதாருக்கு முடிந்தது கணக்கருக்கு ஏன் முடியாது? முடியும், ஆனால் அதைத் தனியார் நிறுவனத்தின் தலையில் மட்டும் கட்ட முடியாது. இ.சி.எச்.எஸ். கேள்வி கேட்காமல் இருக்க முடிவதற்குக் காரணம், ஓய்வு பெறும் படைவீரர்கள் ஆரோக்கியமானவர், நோயாளி என்ற பேதமில்லாமல் கூட்டமாக உள்ளே வருவதும், மிச்சச் செலவை அரசு ஏற்பதும். சிங்கப்பூர் 2015 நவம்பரில் மெடிஷீல்டு லைஃப் திட்டத்தைக் கொண்டுவந்தபோது குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவரையும் சேர்த்தது. கடுமையான பழைய நோய் உள்ளவர்களும் பத்தாண்டுக்கு 30 சதவீதம் கூடுதலாகக் கட்டிச் சேர்ந்தார்கள். விலக யாருக்கும் வழியில்லை, அதனால் தள்ள யாருக்கும் காரணமில்லை. இங்கே அந்தத் திசையில் வந்திருப்பது 2024 அக்டோபரில் தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா: 70 முடிந்த எவருக்கும், வருமானம் பார்க்காமல், நோய் கேட்காமல், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். நல்ல திட்டம். ஆனால் அட்டையை ஏற்கும் ஆஸ்பத்திரி வேண்டுமே. அரசிடமிருந்து பாக்கி வரவில்லை என்று 2025-இல் தெலங்கானாவின் தனியார் மருத்துவமனைகள் மாநில அரசின் மருத்துவத் திட்டமான ஆரோக்யஸ்ரீயின் சேவையை நிறுத்திவைத்தன; அரசுப் பணத்தில் ஓடும் எந்தத் திட்டத்துக்கும் இந்த நோய் உண்டு. அதோடு, 60-இல் வேலையை விடுகிறவருக்கு 70 வரை இடைவெளி பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் தனிநபர் பாலிசியை விட்டால் நடுத்தரக் குடும்பத்துக்கு வேறு கதி இல்லை.

அதனால்தான் அண்டர்ரைட்டிங் எங்கே நடக்கிறது என்பதை முக்கியமாகக் கருதுகிறேன். 2024 விதிகள் ஒரு நல்ல காரியம் செய்தன: அறுபது மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டிவிட்டால், நிரூபிக்கப்பட்ட மோசடியைத் தவிர வேறு காரணம் சொல்லி, தகவலை மறைத்தார் என்று க்ளெய்மை மறுக்க முடியாது. முன்பு இது எட்டு வருடம். 66-இல் சேர்கிறவருக்கு இந்தப் பாதுகாப்பு வர 71 ஆகிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வாய்ப்பு அதிகமுள்ள ஐந்து வருடம் அந்தரத்தில் நிற்கிறார். ஆயுள் காப்பீட்டில் இதே கெடு சட்டப்படி மூன்று வருடம்தான். நானக்ராம்குடா செய்யக்கூடியது ஒன்று உண்டு. 60 தாண்டிய ஒவ்வொரு புதிய விண்ணப்பத்துக்கும் பரிசோதனையைக் கட்டாயமாக்கி, பாதிச் செலவு என்பதை முழுச் செலவாக்கி நிறுவனத்தின் மேல் போடலாம். அதற்கு ஈடாக, பரிசோதித்த உறுப்புகளைப் பொறுத்தவரை முதல் நாளிலிருந்தே ‘மறைத்தார்’ என்ற வாதத்துக்கு இடமில்லை என்று சொல்லலாம். காத்திருப்புக் காலம் அப்படியே இருக்கட்டும், லோடிங்கும் இருக்கட்டும். செலவு கூடும், பிரீமியம் ஏறும் என்று நிறுவனங்கள் சொல்லும். ரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் சேர்த்து ஒரு லேப் வாங்கும் கட்டணம், 66 வயதுக்காரர் ஒரே வருடத்தில் கட்டும் பிரீமியத்தில் சிறு பகுதி. க்ளெய்ம் வந்த பிறகு விசாரணை ஏஜென்சியை அனுப்பி, பழைய டாக்டர் சீட்டுகளைத் தேடி, லக்டிகாபூலில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்திலும் நுகர்வோர் நீதிமன்றத்திலும் வழக்காடும் செலவை அந்தப் பட்டியலில் சேர்த்துப் பார்த்துவிட்டு அவர்கள் பேசட்டும்.